வலப்பக்க ஜன்னல்

முப்பத்து மூன்று ஆண்டுகள் ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களின் முகங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன. அவர்கள் நீட்டிய படிவங்கள் மறக்கவில்லை. பெயர், பாலினம், வயது எழுதும் கட்டங்களுக்குப் பக்கத்தில், எந்தப் படுக்கை வேண்டும் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. ஆண்கள் அதில் எழுதியிருப்பார்கள். எழுத மறந்திருந்தாலும் துளை வழியாகக் குனிந்து, "லோயர் பாத்துப் போடுங்க" என்பார்கள். தனியாக வரும் பெண்களின் படிவத்தில் அந்தக் கட்டம் பல நேரம் காலியாகவே இருக்கும்.

"எதும்மா வேணும், மேலயா கீழயா?"

"எது இருக்கோ அதப் போடுங்க மேடம்."

மூட்டுவலிக்காரிகளும் அதையே சொன்னார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குள் எரிச்சல் வரும். பின்னாளில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு, அவர்கள் எழுதாவிட்டாலும், இருந்தால் கீழ்ப் படுக்கையையே ஒதுக்கும்படி கணினியில் ஏற்பாடு வந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. இனி இவர்களிடம் நான் கேட்க வேண்டியதில்லை.

என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அப்போது யோசித்ததில்லை. 2024-இல், எனக்கு அறுபத்திரண்டும் அம்மாவுக்கு எண்பத்திரண்டும் ஆனபோது, ஒரு கப்பலின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நாட்கள் தடுமாறியபோதுதான் யோசித்தேன்.

*

அம்மா பினாங்கைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கேட்டதாக எனக்கு நினைவிருக்கும் மிகச் சில விஷயங்களில் அது ஒன்று. அதுவும் நேராகக் கேட்கவில்லை. அப்பாவின் ஒன்பதாவது திதி முடிந்த அன்று மாலை, "நாம இருந்த அந்தத் தெருவுல மாரியம்மன் கோயில் இன்னும் இருக்குமா?" என்றாள். பினாங்கில் குவீன் தெருவில் இருக்கும் அந்தக் கோயில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இருக்காமல் எங்கே போகும்? இருக்கிறது என்றேன். "ம்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை.

1960-இல், பதினெட்டு வயதில், மாமியாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவள் அம்மா. அப்பா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் பிறந்தது அங்கேதான். மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச்சீட்டு கட்டாயம் என்று 1968-இல் சட்டம் வந்தது. அதன்பின் அப்பாவைப் போன்ற பலர் மூட்டை கட்டினார்கள். 1970-இல் நாங்கள் திரும்பிவிட்டோம். போனதும் வந்ததும் ஒரே கப்பலில். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா. நாகையிலும் காரைக்காலிலும் வயதானவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

விமானத்தில் போனால் செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆனால் அம்மா, "கப்பல் இப்ப போறதில்லையா?" என்று கேட்டுவிட்டாள். ரஜூலாவுக்குப் பின் சிதம்பரம் என்று ஒரு கப்பல் ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் காலமும் முடிந்தது. சாதாரண ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறும் கப்பல் இப்போது இல்லை. உல்லாசக் கப்பல்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் ஏறினால் மறுநாள் போர்ட் கிளாங், அடுத்த நாள் பினாங்கு, பிறகு திரும்பச் சிங்கப்பூர். நான்கு இரவுகள். சிங்கப்பூரில் இருபது வருடமாக இருக்கும் தம்பிதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னான். டிக்கெட் செலவை நான்தான் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். விமானச் செலவு அவனுடையது.

பிரச்சினை, எந்த அறை என்பதில் வந்தது.

*

கப்பல் அறைகளைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பலின் நடுப்பகுதியில் ஜன்னலே இல்லாத உள்ளறைகள் இருக்கும். விலை குறைவு. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. அடுத்தது ஜன்னல் அறை. திறக்க முடியாத கண்ணாடி, அதற்கப்பால் கடல். அதற்கு மேல் பால்கனி அறை. அதற்கும் மேல் சூட். எல்லா விலையும் ஓர் அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் போடப்பட்டவை. தனியாகப் போகிறவர் பல நேரம் வராத அந்த இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். தனிப் பயணிகளுக்கென்று 128 சிறிய அறைகளோடு நார்வீஜியன் எபிக் என்ற கப்பல் 2010-இல் வந்தபோது அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. உலகத்தில் ஒண்டியாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது கப்பல்காரர்களுக்குத் தெரிய அத்தனை காலம் ஆயிருக்கிறது.

அறையை இரண்டு விதமாக வாங்கலாம். ஒன்று, வரைபடத்தைப் பார்த்து, இந்தத் தளத்தில் இந்த எண் அறை என்று தேர்ந்தெடுத்து முன்கூட்டியே பணம் கட்டுவது. இன்னொன்றுக்கு 'கேரண்டி' என்று பெயர். உள்ளறை என்றால் உள்ளறைக்கான குறைந்த கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். அறை எண்ணைக் கப்பல் நிறுவனம் பிறகு சொல்லும். கட்டிய வகையை விடத் தாழ்ந்த அறையைத் தரமாட்டார்கள். மீந்திருந்தால் உயர்ந்ததைத் தரலாம். எந்த மூலையில், எந்தத் தளத்தில் என்று நாம் கேட்க முடியாது. இது போக, ஏலம் மாதிரி ஒன்றும் உண்டு. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மின்னஞ்சல் வரும். மேல் வகை அறைக்கு ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று நாம் ஒரு தொகை சொல்லலாம். அவர்களுக்குச் சரிப்பட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு அறையை மாற்றுவார்கள். எடுத்தபின் திரும்பக் கேட்க முடியாது.

காலியாகப் புறப்பட்ட அறையால் யாருக்கும் பைசா வராது. அதனால் மேலே மீந்த அறைக்கு ஒருவரை ஏற்றி, அவர் விட்ட கீழறையை வேறொருவருக்கு விற்கிறார்கள். நான் ரயிலில் பார்த்த வித்தைதான், புதிதாக ஒன்றுமில்லை.

தம்பி கேரண்டி கட்சி. "அக்கா, நா மூணு தடவ போயிருக்கேன். மூணு தடவையும் உள்ளறைக்குத்தான் கட்டினேன். ரெண்டு தடவ தானா ஜன்னல் ரூம் போட்டான், ஒரு தடவ பால்கனியே குடுத்தான். எதுக்கு இப்பவே கொண்டுபோய்க் கொட்டுற? ரூம்ல யாரு இருக்கப் போறா? தூங்கறதுக்குத்தான." அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து வித்தியாசம் இருபத்து நாலாயிரம் ரூபாய். என் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல்.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எதுக்குடி ஜன்னலு? படுக்க எடம் இருந்தா போதும்" என்றாள்.

எது இருக்கோ அதப் போடுங்க மேடம்.

*

அந்த ஐந்து நாட்களில் நான் அம்மாவைப் பற்றி யோசித்ததைவிட என்னைப் பற்றி யோசித்ததுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த பிறகு மூன்று முறை எனக்குப் பதவி உயர்வு வந்தது. மூன்றும் வெளியூர் மாற்றத்தோடு வந்தன. மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். என் கணவர் கட்டாயப்படுத்தினார் என்று சொல்லமாட்டேன். "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னார். குழந்தையை யார் பார்ப்பார்கள், மாமனாருக்கு யார் சமைப்பார்கள் என்ற கேள்விகளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இங்கேயே ஒரு இடம் காலியாகும், அப்போது தானாக வரும் என்று காத்திருந்தேன். காத்திருப்பதை நான் பொறுமை என்று நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், பாராட்டவும் செய்தார்கள். அந்த இடம் காலியாகும்போது எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். இன்று என் வங்கிக் கணக்கில் விழும் ஓய்வூதியத்தில் அந்த மூன்று மறுப்புகளும் கழிக்கப்பட்டிருக்கின்றன. இருபத்து நாலாயிரத்துக்கு நான் இப்படி யோசிப்பதற்கும் அவைதான் ஒரு காரணம்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஆசையைக் குறைந்த விலைக்குப் பதிவு செய்துவிட்டு, யாராவது பார்த்து மேலே ஏற்றிவிடுவார்கள் என்று இருப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஏற்றிவிட்டால் அதிர்ஷ்டம். ஏற்றாவிட்டாலும் நாம் கேட்கவில்லையே, ஆகையால் ஏமாற்றமும் இல்லை. கேட்டு மறுக்கப்படும் அவமானத்திலிருந்து இது காப்பாற்றுகிறது. அதனால்தான் இதை விடுவது இத்தனை கஷ்டம்.

தம்பிக்கு இந்தச் சூதாட்டம் ஏன் இனிக்கிறது என்பதும் புரிந்தது. உள்ளறையே கிடைத்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. மேல்தளத்துக்குப் போவான், நீச்சல் குளத்தருகே சாய்வான், நள்ளிரவு வரை நடப்பான். முழுக் கப்பலும் அவன் அறைதான். கோலூன்றி நடக்கும் அம்மாவுக்கு அப்படி இல்லை. சாப்பாட்டுக்கு ஒருமுறை, காற்றுக்கு ஒருமுறை என்று வெளியே போய்வந்தால் பெரிய விஷயம். மிச்ச நேரமெல்லாம் அந்த அறைதான் அவளுக்குக் கப்பல்.

நான்காம் நாள் சாயங்காலம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு வாக்கில், "ரஜூலால எங்கம்மா படுத்திருந்த?" என்று கேட்டேன்.

அறுபது வருடத்தில் இதை நான் அவளிடம் கேட்டதில்லை. கப்பல் கதை என்றால் அது அப்பாவின் கதை. கரையிலிருந்து படகில் போய்க் கப்பலேறியது, அலையில் படகு தூக்கிப் போட்டது, மேல்தளத்தில் சீட்டாடியது, பறக்கும் மீன்கள், விடியும்போது பினாங்கு மலை நீலமாக எழுந்தது. இத்தனையும் எனக்கு மனப்பாடம்.

"டெக்கு டிக்கெட்டுதான. ரூமெல்லாம் ஏது? பாய விரிச்ச எடந்தான் எடம்" என்றாள். காற்று வரும் ஓரங்களை ஆண்கள் பிடித்துக்கொள்வார்கள். மாமியார் அவளைக் கீழே, படிக்கட்டின் பின்னால் பெண்கள் கும்பலாகப் படுத்திருந்த இடத்தில் உட்காரவைத்தாள். புதுப்பெண் மேலே போய் நிற்கக் கூடாது. எண்ணெய்ப் புகையும் வாந்தி நாற்றமும். குளிக்கப் போகும்போது மட்டும் ஒரு துண்டு கடல் தெரியும்.

"பினாங்கு வர்றப்ப பாக்கலியா?"

"எல்லாரும் மேல ஓடினாங்க. எங்க அத்தையும் வா வான்னு இழுத்துட்டுப் போனாங்க. போனா, கம்பி பூரா ஆம்பளைங்க நிக்கிறாங்க. நா பாத்ததெல்லாம் முதுகுதான்." சிரித்தாள். "ஒரே சட்டை முதுகா இருந்துச்சு."

திரும்பி வந்தபோது? எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து, பினாங்கு சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா எங்கே இருந்தாள் என்பது நினைவில்லை. "தம்பிக்குக் காய்ச்சல். கீழ மடியில போட்டுட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். பத்து வருடம் வாழ்ந்த ஊர் வந்ததையும் அவள் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை.

வெங்காயத் தோலைக் கூட்டி முறத்தில் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். படுக்க இடம் போதும் என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு இதுவரை கிடைத்ததும் படுக்க இடம் மட்டும்தான்.

*

அன்றிரவு கப்பலின் வரைபடத்தை ரயில்வேக்காரியின் கண்ணால் பார்த்தேன். பெட்டியில் எந்தப் படுக்கை கழிப்பறைக்குப் பக்கம், எது கதவோரம், எது சக்கரத்துக்கு மேலே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கப்பலும் ஒரு பெட்டிதானே.

ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளங்களில், நடுப்பகுதியில். மூக்குப் பக்கமும் உயரமும்தான் அதிகம் ஆடும். அம்மாவுக்குக் கோல் இருப்பதால் லிஃப்டிலிருந்து நாலைந்து கதவுக்குள் இருக்க வேண்டும். லிஃப்டை ஒட்டியே இருந்தால் இரவெல்லாம் ஆள் சத்தம். மேலே நடன மண்டபமோ சமையலறையோ இருக்கக் கூடாது, மேலும் கீழும் தூங்கும் அறைகளாக இருப்பது நல்லது. ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும் அறைகளும் உண்டு. 'பார்வை மறைக்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் போட்டு விலை குறைத்திருப்பார்கள். அது வேண்டாம். சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவும், குளியலறை வாசலில் படி இல்லாத தரையுமாகச் சில அறைகள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு என்பதால் அவை தேவைப்படுகிறவர்கள் முந்தித்தான் ஆக வேண்டும், காத்திருந்து வாங்கக்கூடியவை அல்ல. அம்மாவுக்கு அது தேவைப்படும் நாள் தூரத்தில் இல்லை. இப்போதைக்குக் கோல் போதும். அந்த அறை அதை விட்டால் வழியில்லாத யாருக்காவது இருக்கட்டும்.

கடைசியாக, எந்தப் பக்கம்? சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போனால் வலப்பக்கம் மலேசியக் கரை, இடப்பக்கம் சுமத்ரா. பினாங்கை நெருங்கும்போதும் தீவு வலப்பக்கம்தான் வரும்.

வலப்பக்கம், கீழ்த்தளம், நடுவில், லிஃப்டிலிருந்து ஐந்தாவது கதவு, ஜன்னல். அந்த ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினேன். கட்டிய பிறகு கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு இடம் போட்டுக் கொடுத்த கைதான்.

*

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. உங்களுக்கு ஒரு வாய்ப்பு, பால்கனி அறைக்கு மாறலாம் என்று. தொகையும் அதிகமில்லை. தம்பி துள்ளினான். "பாத்தியா, நா சொன்னேன்ல! எடுத்துரு அக்கா. பால்கனில நாற்காலி போட்டு அம்மா உக்காரலாம்."

எனக்கும் ஆசை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். பால்கனி என்ற சொல்லே பெரிய சொல். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். தருகிறோம் என்று ஒருவர் கையை நீட்டும்போது வேண்டாம் என்பது எங்கள் வளர்ப்பில் திமிர். அதிலும் உயர்ந்ததை!

ஆனால் எந்த அறை என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா, வலமா இடமா, எதுவும் நம் கையில் இல்லை. பால்கனிக் கதவின் கீழே தண்ணீர் உள்ளே வராதிருக்க உயர்ந்த வாசல் கட்டை இருக்கும். அம்மாவின் முழங்கால் அதைத் தாண்ட ஒவ்வொரு முறையும் நான் தூக்கிவிட வேண்டும். இடப்பக்கம் கிடைத்தால் நான்கு கால் நாற்காலியில் சாய்ந்தபடி அவள் சுமத்ராவைப் பார்த்துக்கொண்டு வரலாம். பினாங்கு மறுபடியும் முதுகுக்குப் பின்னால் வந்துபோகும்.

ரயிலில் 2006-இல் இதே போன்ற திட்டம் வந்தது. மேல் வகுப்பில் இடம் மீந்தால், முழுக் கட்டணம் செலுத்தியவர்களைக் கூடுதல் காசில்லாமல் அங்கே மாற்றுவார்கள். வேண்டுமா வேண்டாமா என்று படிவத்தில் எழுதலாம். மாறிப்போகிற இடத்தில் கீழ்ப் படுக்கைதான் என்ற உறுதி கிடையாது. இது படிவம் எழுதுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு முறை ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மா கவுன்ட்டருக்கு வந்தார். முந்தின பயணத்தில் அவர் கணவர்தான் படிவம் எழுதியிருக்கிறார், உயர்வு வேண்டும் என்று. சாதாரணப் பெட்டியில் இருந்த கீழ்ப் படுக்கை போய், குளிர்சாதனப் பெட்டியில் மேல் படுக்கை வந்தது. அவர் கணவர் இன்றைக்கும் அந்த அதிர்ஷ்டத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாராம். "ராத்திரி பூரா ஏறவும் முடியாம எறங்கவும் முடியாம கெடந்தேங்க" என்றார் அந்த அம்மா. இந்த முறை அவர் தானே வந்திருந்தார். அந்தக் கட்டத்தைக் காட்டி, "இதுல வேணாம்னு எழுதுங்க" என்றார். பேனாவை அவரிடமே கொடுத்தேன். அழுத்தி எழுதினார்.

உயர்வு என்று ஒன்றைக் கொடுக்கிறவர்கள், எது உயரம் என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்களுடைய விலைப்பட்டியலில் பால்கனி மேலே, ஜன்னல் கீழே. அம்மாவின் முழங்காலிடம் கேட்டால் வரிசை வேறு. அவளுடைய அறுபத்து நாலு வருடத்திடம் கேட்டால் இன்னும் வேறு. என் பதவி உயர்வுகளிலும் இது இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எங்கோ ஓர் ஊரில், தங்க வீடோ குழந்தைக்குக் காப்பகமோ இல்லாமல் வந்த அந்த உயர்வுகளை நான் மறுத்தபோது எல்லோரும் எனக்கு லட்சியம் இல்லை என்றார்கள். நானும் நம்பினேன். எனக்கு எது வேண்டும் என்று சொல்லி, அதற்காகச் சண்டை போட்டிருக்க வேண்டும். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

காத்திருப்பது தவறு என்று யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. என்னோடு வேலைபார்த்த தோழி ஒருத்தி, கணவரை இழந்தவள், தனியாகக் கேரண்டியில்தான் போய்வந்தாள். ஜன்னலில்லாத அறைதான் வந்தது. "செத்த பொணமாட்டம் தூங்கினேன். முப்பது வருஷத்துல யாரும் எழுப்பாத தூக்கம்" என்று பூரித்தாள். அவளுக்கு எது வேண்டும் என்று தெரியும், எது வந்தாலும் பரவாயில்லை என்பதும் தெரியும். அப்படிக் காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். எனக்கு எது வேண்டும் என்று சொல்லக் கூசிக்கொண்டு காத்திருப்பதைத்தான் நான் முப்பது வருடம் செய்தேன்.

மின்னஞ்சலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி போனில் இருந்தான். பால்கனி, நாற்காலி, காற்று, எல்லாம் சொன்னான். அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ போட்டிருக்கியே ஒரு ரூமு, அதுல உக்காந்தா பினாங்கு தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"அவங்க குடுக்கறதுல?"

"தெரிஞ்சாலும் தெரியும். தெரியாமலும் போகும்."

"அப்ப வேணாம்னு சொல்லிரு" என்றாள். போனைப் பார்த்து, "நீ வருத்தப்படாதப்பா" என்றாள்.

*

அறை சின்னதுதான். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஜன்னல். குளியலறை வாசலில் இருந்த சின்னப் படியில் அம்மா முதல் நாளே இடித்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. ஜன்னல் கட்டிலுக்கு எதிரே இருந்தது, தலையணையை உயர்த்தி வைத்தால் படுத்தபடி கடல் தெரியும். முதல் இரவு விளக்கை அணைக்கச் சொன்னாள். நீரிணையில் கப்பல்கள் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. நடுவில் விழித்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். "முப்பத்தி ஏழு" என்றாள். கப்பல்களை எண்ணியிருக்கிறாள்.

மறுநாள் காலை, போர்ட் கிளாங்கில் நின்றிருந்தபோது, அறையைச் சுத்தம் செய்ய ஒரு பையன் வந்தான். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணாடில உப்புக் கறை படிஞ்சிருக்கு. தொடைக்கச் சொல்லு."

நான் அவனிடம் சொன்னேன். வெளிப்பக்கம் என்பதால் தன்னால் முடியாது, கழுவுகிறவர்களிடம் சொல்கிறேன், துறைமுகத்தில் நிற்கும்போதுதான் செய்வார்கள் என்றான். அம்மாவிடம் சொன்னேன்.

"பினாங்கு வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கேளு."

அவனுக்கு மொழிபெயர்த்தேன். சிரித்துவிட்டுப் போனான். மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே ஒரு நீளக் கம்பும் சோப்பு நுரையும் வந்தன.

அடுத்த நாள் அம்மா ஐந்து மணிக்கே தலை வாரி, புடவை மாற்றி, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. கரையோரம் உயரக் கட்டடங்கள், அவற்றின் பின்னால் மேகத்துக்குள் பாதி மறைந்த மலை. நீலமாக இல்லை, சாம்பலாக இருந்தது. அப்பா சொன்ன மலை இதுதானா என்று பார்க்கக் கண்ணாடியருகே போய்க் குனிந்தேன்.

பின்னாலிருந்து கோலின் நுனி என் இடுப்பில் மெல்லத் தட்டியது.

"தள்ளிக்கோ. முதுகு மறைக்குது."